அம்மாவின் கல்வெட்டுப் படம்

மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துகொண்டு, கையில் இருந்த புத்தகத்தை என் மடியில் போட்டார்.

"பார். வடிவாப் பார். இது ஆரெண்டு சொல்லு பாப்பம்."

அது ஒரு கல்வெட்டு. யாழ்ப்பாணத்து ஆட்களான எங்களிடம், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும், வந்தவர்களுக்குச் சோறு போட்டு, போகும்போது கையில் ஒரு நினைவுப் புத்தகத்தையும் கொடுத்து அனுப்புவது வழக்கம். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். உள்ளே தேவாரம், இறந்தவரின் சரித்திரம், பேரப்பிள்ளைகளின் புலம்பல். அட்டையில் அவருடைய படம். இந்த அட்டையில் இருந்தவர் அம்மாவின் மச்சாள், அப்பாவின் தங்கை, எனக்கு மாமி. அப்படியிருந்தும் ஒரு கணம் எனக்கு ஆள் பிடிபடவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்துப் போட்டிருந்தார்கள். காது இரண்டும் முழுதாகத் தெரிய, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பொலிஸ் தேடுகிற ஆளைப் போல மாமி என்னைப் பார்த்தார்.

"சீவியத்தில ஒரு நாளாவது அவ இப்பிடி முழிச்சிருப்பாவே?" என்றார் அம்மா. "எல்லா வீட்டு நல்லது கெட்டதிலயும் சிரிச்சுக்கொண்டு நிண்ட மனிசி. பிள்ளையளுக்கு ஒரு நல்ல படம் கிடைக்கேல்லையாம். என்னை இப்பிடிப் போட்டியளெண்டால் எழும்பி வருவன், சொல்லிப்போட்டன்."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு படம் எடுக்கோணும், தம்பி. ஸ்டூடியோவில. கல்வெட்டுக்கு."

எழும்பி பல்கனிக்குப் போனேன். அங்கே நிற்க முடியாமல் குசினிக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். "ஒரு இடத்தில இருங்கோவன்" என்று என் மனைவி அதட்டினாள். அவள் என்னிடம் அதிகம் சொன்ன வசனம் அதுவாகத்தான் இருக்கும். சிறுவயதிலிருந்தே எனக்குக் காலில் சில்லு என்பார்கள். பயம் வந்தால் சில்லு இன்னும் வேகமாகச் சுழலும். நான் படித்தவன், காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்பவன், மற்றவர்களின் மரணத்தைப் பற்றி நாள் முழுக்கக் கதைத்துச் சம்பாதிப்பவன். ஆனால் பெற்ற தாய்க்குக் கல்வெட்டுப் படம் எடுத்து வைத்தால், அடுத்தது கல்வெட்டுத்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. படம் தயாராகிவிட்டது என்று யமனுக்கு நாங்களே ஆள் அனுப்புவது போல இருந்தது.

நாட்களைக் கடத்தினேன். மழை என்றேன். கண் கிளினிக் முடியட்டும் என்றேன். அம்மாவா விடுகிறவர்? லண்டனில் இருக்கும் அக்காவுக்கும் டொரொண்டோவில் இருக்கும் அண்ணாவுக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். இருவரும் ஒரே குரலில் "நல்ல ஐடியா" என்றார்கள். அவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாமே நல்ல ஐடியாத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மேசையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"வெள்ளவத்தையில வேண்டாம்," என்றார் அம்மா. "இஞ்ச எடுத்தால் பின்னேரத்துக்கிடையில எங்கட காலி வீதி முழுக்கத் தெரிஞ்சிடும். மனிசி சாகப் போகுது, படம் எடுத்து வைக்குது எண்டு கதைப்பினம். கொட்டாஞ்சேனைக்குப் போவம்."

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, அம்மா மெல்லிய ஊதாக் கரை வைத்த சேலையில், நெற்றியில் திருநீறு துலங்க, வாகனத்தில் என் பக்கத்தில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தார். வழியெல்லாம் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் சாரதியின் பாதையைத் திருத்திக்கொண்டே வந்தேன்.

ஸ்டூடியோ தேவாலயத்துக்குப் போகிற தெருவில் ஒரு மாடியில் இருந்தது. சுவர் முழுக்க, கத்தோலிக்கரின் முதல் நன்மைச் சடங்கு முடித்த பிள்ளைகள், வெள்ளைச் சட்டையும் மெழுகுதிரியுமாக. உரிமையாளருக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, விரலில் பெரிய மோதிரம், தன் வேலையில் அசைக்க முடியாத பெருமை.

"என்னத்துக்கு சேர் படம்? பாஸ்போட்டா, விசாவா?"

நான் தொண்டையைச் செருமினேன். அம்மா முந்திக்கொண்டார். "செத்தாப் பிறகு போட."

அந்த மனிதர் திடுக்கிடவில்லை. "அப்ப நெஞ்சு வரைக்கும் எடுப்போம்," என்று சொல்லி விளக்கைத் திருப்பப் போனார்.

அதன் பிறகு நடந்தது எனக்கு ஒரு சத்திரசிகிச்சையைப் பார்ப்பது போல இருந்தது. முதுகு சாய்க்கிற கதிரையை எடுத்துவிட்டு, சாய முடியாத ஒரு ஸ்டூலைப் போட்டார். சாய்ந்தால் வயது தெரியுமாம். "ஒடம்ப அந்தப் பக்கம் திருப்புங்கம்மா. மொகம் மட்டும் எங்கிட்ட. நாடிய முன்னுக்குக் கொண்டு வந்து கொஞ்சம் எறக்குங்க. கோழி எட்டிப் பாக்குற மாதிரி." அம்மா கோழியைப் போல எட்டிப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய தோல் இழுபட்டு மறைந்தது. அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் விளக்கு மின்னியது. ஸ்டூடியோக்காரர் வந்து கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேலே சற்று உயர்த்திவிட்டார். மின்னல் போய் கண் தெரிந்தது. மடியில், டி.வி. பெட்டிக்குள் வருகிற ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையைப் படுக்க வைத்தார். அதில் பட்டுத் தெறித்த வெளிச்சம் நாடிக்குக் கீழே இருந்த நிழலைத் துடைத்துவிட்டது.

நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. விளக்கின் வயரில் கால் தடுக்கியது. பின்னால் போனேன், சேலைத் தலைப்பைச் சரிசெய்ய முன்னால் வந்தேன், என் நிழல் அம்மாவின் தோளில் விழுந்தது.

"சேர், நீங்க கொஞ்சம் வெளிய ஒக்காருங்க," என்றார் அவர், மரியாதை குறையாமல்.

"அவன் இருக்க மாட்டான்," என்றார் அம்மா, கோழிக் கழுத்தை அசைக்காமல். "நீங்கள் எடுங்கோ."

எடுத்து முடிந்ததும் கணினியில் படத்தைத் திறந்து, ஓரங்களை வெட்டத் தொடங்கினார். ஸ்டூலின் விளிம்பு போனது. பின்னால் தெரிந்த திரைச்சீலையின் மடிப்பு போனது. கையை மணிக்கட்டில் வெட்டினால் கை இல்லாதவர் போலத் தெரியும் என்று சொல்லி, முழங்கைக்கு மேலே கொண்டுபோய் வெட்டினார். தலைக்கு மேலே கொஞ்ச இடம். ஆனால் கீழே மட்டும் அகலமாக ஒரு நீலப் பட்டையைச் சேர்த்து வெறுமையாக விட்டார்.

"அதென்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"பேர் போடணும். பொறந்த தேதி போடணும். மத்தத் தேதியும் போடணுமே."

நான் வெளியே போய்ப் படியில் நின்றேன். அந்த நீலப் பட்டைதான் கண்ணுக்குள் நின்றது. ஒரு தேதிக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். இனி அது வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. இறங்கி ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அம்மாவை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

வெட்டிய படத்தை, திருத்தம் எதுவும் செய்வதற்கு முன்பு, எனக்குப் போனில் அனுப்பினார். அதை வீட்டுக்கு வரும் வழியில் பார்த்தேன். நல்ல படம். என் அம்மா. இடது இமை சற்றே விழுந்து, கன்னத்தில் அந்தக் கறுப்பு மறு, வாயின் இரு பக்கமும் ஆழமான கோடு. எனக்கு அந்த முகத்தில் தெரியாத சுருக்கம் கிடையாது. அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். காலையும் மாலையும் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பிடித்து மருந்து விடுவது நான்தான். மருந்து எரிந்தால் எந்தக் கோடு முதலில் சுருங்கும் என்றுகூட எனக்குத் தெரியும். அந்தப் படத்தை அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன். சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத்தான் எனக்கு வராதே.

முதலில் அக்காவின் குரல் பதிவு வந்தது. "ஐயோ தம்பி, என்ன அம்மா இப்பிடி வத்திப்போனா? கழுத்தை ஒருக்காப் பாக்கச் சொல்லு. கன்னத்தில என்ன கறுப்பு? அதை எடுக்கலாந்தானே?"

பிறகு அண்ணா எழுதியிருந்தான். "தலை இவ்வளவு நரையோ? நான் இஞ்ச வரேக்க கறுப்பெல்லோ? கொஞ்சம் கறுப்பாக்கினால் நல்லம். ஒரு கண் சின்னனாக் கிடக்கு."

அண்ணா கடைசியாக வந்தது அப்பாவின் செத்த வீட்டுக்கு. அக்கா அதற்குப் பிறகு ஒரு தடவை, ஒரு கலியாணத்துக்கு வந்தபோது, எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வீடியோவில் தினமும் கதைக்கிறார்கள்தான். ஆனால் அம்மா போனைப் பிடிக்கிற விதத்தில் அவர்களுக்கு நெற்றியும் சீலிங் ஃபானும்தான் தெரியும். ஆத்திரத்தில் "அது வயசு. வயசுக்கு மருந்தில்லை" என்று எழுதினேன். அழித்தேன். "ஓம் சொல்லுறன்" என்று எழுதி அனுப்பினேன். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அண்ணன் தம்பிக்கு அதைவிட மோசம், கண்ணே வேறு.

ஸ்டூடியோக்காரர் சொன்னதற்கு மேலேயே செய்து கொடுத்தார். கழுத்து வழுவழுப்பானது. மறு போனது. வாயோரக் கோடுகள் போயின. தலைமயிரில் கறுப்பு ஏறியது. வலது கண்ணைப் பார்த்து இடது கண்ணைத் திறந்துவிட்டார். கண்மணிக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு வெளிச்சம் வைத்தார். முகத்தில் மின்னியதையெல்லாம் துடைத்த வேகத்தில், நெற்றித் திருநீற்றையும் வியர்வை மினுக்கம் என்று நினைத்தோ என்னவோ, துடைத்துவிட்டார். படத்தில் இருந்தது அண்ணா விமானம் ஏறிய காலத்து அம்மா. அவன் போனதற்குப் பிறகு அம்மாவின் முகத்தில் வந்த எல்லாமே போயிருந்தது. அந்த எல்லாமே வந்தபோது பக்கத்தில் இருந்தது நான். என்னுடைய வருஷங்களை யாரோ அழிறப்பரால் அழித்தது போல இருந்தது எனக்கு. அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன். அம்மாவுக்குக் காட்டவில்லை. காட்டினால் பிடித்துவிடுமோ என்று பயம். இன்னும் வேலை முடியவில்லை என்று பொய் சொன்னேன்.

அடுத்த நாள் காலை அலுவலகத்தில் என் போன் அடித்தது. இரத்மலானையில் இருக்கும் அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா. குரல் உடைந்திருந்தது.

"தம்பி, எப்ப எடுக்கிறியள்?"

"என்னத்தை மாமா?"

"என்னடா இப்பிடிக் கேக்கிறாய்? கொம்மாவைத்தான். நான் இப்ப வெளிக்கிடுறன்."

லைன் போய்விட்டது. எப்போது எடுக்கிறீர்கள் என்று எங்கள் ஆட்கள் கேட்பது பிரேதத்தைத்தான். வீட்டுக்கு அடித்தேன். வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருப்பதாகச் சத்தம் வந்தது. திரும்ப அடித்தேன். அதே சத்தம். மனைவி ஹெவ்லொக் டவுனில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், வகுப்பில் போனை நிறுத்தி வைத்திருப்பாள். இதற்கிடையில் இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். ஒருவர் "எல்லாம் அவன் செயல்" என்றார். மற்றவர் அழுதார். காலையில் நான் கண்ணுக்கு மருந்து விட்டபோது அம்மா நன்றாகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு ஏதோ நடந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. படம் எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன் அல்லவா, ஆகிவிட்டது.

ஓடிப்போய் ஒரு த்ரீவீலில் ஏறினேன். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்த சாரதி, "ஹொஸ்பிட்டல் எக்கட்டத, மஹத்தயா?" என்று ஆஸ்பத்திரிக்கா எனச் சிங்களத்தில் கேட்டான். "நே, கெதர," என்றேன். இல்லை, வீட்டுக்கு. காலி வீதியில் பஸ்கள் நகரவில்லை. நான் பின் சீட்டில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நகர்ந்துகொண்டிருந்தேன். பம்பலப்பிட்டியில் இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன். அம்மாவைக் காப்பாற்ற முடியாது, போய்ச் சேரவாவது வேண்டும் என்று பிள்ளையாரைக் கெஞ்சினேன்.

எங்கள் தொடர்மாடியில் லிப்டுக்குக் காத்திராமல் படியால் ஏறினேன். வீட்டு வாசலில் செருப்புகள். ஒன்றல்ல, இரண்டல்ல. அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அம்மா தன்னுடைய கதிரையில் இருந்தார். சுற்றிவர வெள்ளைச் சேலையில் உறவுக்காரப் பெண்கள், கையில் தேத்தண்ணி. ஒருத்தி கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வா ராசா, வா," என்றார் அம்மா. "செத்த வீட்டுக்கு இப்பத்தான் வாறாய். ஊரெல்லாம் வந்திட்டுது, மகனைத்தான் காணேல்லை."

நடந்தது இதுதான். அண்ணாவுக்குப் படம் அவ்வளவு பிடித்துப்போய், உறவினர் எல்லோரும் இருக்கிற வட்சப் குறூப்பில் அதைப் போட்டிருந்தான். மேலே ஒரு சொல், 'அம்மா'. பக்கத்தில் கும்பிடுகிற கைகள். நீலப் பின்னணி, கீழே தேதிக்கு இடம். எங்கள் ஆட்கள் அப்படி ஒரு படத்தை உயிரோடு இருக்கிற யாருக்கும் பார்த்ததில்லை. முதலில் வந்தவளுக்குக் கதவைத் திறந்ததே அம்மாதானாம். அவள் வாசலிலேயே பொத்தென்று இருந்துவிட்டாளாம்.

நான் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. விடவில்லை. அண்ணாவைத் திட்டினேன், குறூப்பைத் திட்டினேன், இந்தப் படக்கதையைத் தொடக்கிய அம்மாவையே திட்டினேன். வந்த பெண்கள் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"கத்தாத," என்றார் அம்மா. "எல்லாரும் என்ன சொல்லிச்சினம் தெரியுமே? எவ்வளவு வடிவான மனிசி எண்டு. செத்தாப் பிறகு சொல்லுறதை நான் இருந்து கேட்டன். ஆருக்குக் கிடைக்கும்?" பிறகு அவர் குரல் மாறியது. "ஆனால் என்ரை திருநீறு எங்க? சைவக்காரியைச் சேச்சுக்குப் போற வேதக்காரி ஆக்கிப்போட்டான். நாளைக்கே போறம்."

அப்படித்தான் திரும்பக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். திருநீற்றை வைக்கிற சாட்டில் மற்ற எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிடலாம். ஸ்டூடியோக்காரர் மன்னிப்புக் கேட்டு, முதல் படத்தையும் திருத்திய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"திருநீறு மட்டுமில்லை," என்றேன். "மறுவை வையுங்கோ. கோடுகளை வையுங்கோ. நரையை விடுங்கோ. இமையை விடுங்கோ. இந்தப் படத்தில இருக்கிறது என்ரை அம்மா இல்லை."

"சேர், அம்மாவும் பாக்கட்டுமே," என்றார் அவர்.

அம்மா என்னை விலக்கிவிட்டுத் திரைக்குக் கிட்டப் போனார். கண்ணாடியை உயர்த்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மேசையைச் சுற்றி நடந்தேன்.

"இது நல்லம்," என்றார், திருத்திய படத்தைத் தொட்டு. "இதில திருநீற்றை மட்டும் வையுங்கோ."

"அம்மா!"

"என்னடா?"

"இது பொய். இது அண்ணா போன காலத்து முகம். இந்த முகத்தை நான் மறந்தே போனன். எனக்குத் தெரிஞ்ச அம்மா மற்றதிலதான் இருக்கிறா. நீங்கள் போனாப் பிறகு நான் எதைப் பாக்கிறது?" சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததை ஒரு வேற்று மனிதருக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

அம்மா ஸ்டூலில் இருந்தார். என்னையும் இருக்கச் சொல்லவில்லை. இருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

"உனக்கென்னத்துக்குப் படம்?" என்றார். "நீ என்னை நாளும் பொழுதும் பாக்கிறனி. கொண்ணனும் கொக்காவும் என்னைப் பாத்து எவ்வளவு காலம்? அவையளுக்குத் தெரிஞ்ச முகம் இதுதான். கிழவியின்ரை படத்தைப் போட்டால் ஆரோ எண்டு பாத்திட்டு இருப்பினம், அழுகை வராது. அழுறதுக்கு அவைக்குத் தெரிஞ்ச ஒரு முகம் வேணும், தம்பி. இது அவைக்கு."

ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். "அப்ப எதை வைக்க, சேர்?"

"அம்மா சொன்னதை," என்றேன். அவர் அம்மாவின் இளம் நெற்றியில் திருநீற்றை மெதுவாகப் பூசத் தொடங்கினார். எனக்குத் திரை கலங்கியது. சுவர்ப் பக்கம் திரும்பி, முதல் நன்மைப் பிள்ளைகளைப் பார்ப்பது போல நின்றேன். தோள் குலுங்கியதை மறைக்க முடியவில்லை.

"பாத்தியே," என்று பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "உனக்குப் படமில்லாமலே வருது."